அடைமொழியை எடுக்கும் கை

விக்கிப்பீடியாவில் காமராசர் போன்ற ஒரு தலைவரின் பக்கத்தைச் செப்பனிடுபவரின் பொறுமை ரசிக்கத்தக்கது. யாரோ அன்பு மிகுதியில் சேர்த்த ‘ஒப்பற்ற’, ‘தன்னிகரற்ற’ எல்லாவற்றையும் ஓசைப்படாமல் எடுத்துவிட்டு, 1954 முதல் 1963 வரை முதலமைச்சர் என்று ஆண்டைப் போட்டு, அதற்கொரு மேற்கோளும் கோக்கிறார். புகழைக் குறைப்பது அவமரியாதை என்று தொண்டர்கள் சீறலாம். பதவியைத் தானே துறந்தார் என்ற செய்திக்கு எந்த அடைமொழி ஈடாகும்? 1967இல் விருதுநகரில் தோற்றதையும் அதே நிதானத்தோடு எழுதினால்தான் மற்ற வரிகளை நம்பத் தோன்றும். யார் வேண்டுமானாலும் கெடுத்துவிடலாமே என்றால், கெடுத்ததும் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் நேரத்தோடு பதிவாகிறது. கூடிய அளவு பச்சையில், குறைந்த அளவு சிவப்பில். ஓரிரு சொடுக்கில் பழையபடி மீட்டுவிடலாம். (மீட்டவருக்குக் கைதட்டல் கிடையாது, சில சமயம் வசவு உண்டு.) அடுத்த முறை ஒரு தலைவரின் பக்கத்தைத் திறந்தால், அந்த வரலாற்றையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.