கூண்டில் மனிதன், வெளியே சுறா

வெள்ளைப் பெருஞ்சுறாவை அருகில் பார்ப்பதற்கான கூண்டு, படகின் பக்கவாட்டில் கட்டி மிதக்கவிடப்படும் ஓர் இரும்புப் பெட்டி. மேல்மூடியைத் திறந்து ஐந்தாறு பேர் வரிசையாக இறங்குவார்கள். பல படகுகளில் காற்று உருளைகூடக் கிடையாது, முகக்கண்ணாடி போதும். படகிலிருந்து, அரைத்த மத்தியும் மீன் எண்ணெயும் கலந்த கூழைக் கடலில் ஊற்றுவார்கள். கயிற்றில் கட்டிய சூரைத் தலை ஒன்று அலையில் ஆடிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவர் குரல் கொடுத்ததும் உள்ளிருப்பவர்கள் மூச்சை அடக்கித் தலையை நீருக்குள் அமிழ்த்த, நான்கு மீட்டர் நீள உடல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். சில நொடிகள்தான்.

இந்தக் கூண்டை உருவாக்கியவர் சுறாவிடம் கடிபட்ட ஒருவர் என்பதுதான் வேடிக்கை. ஆஸ்திரேலியாவின் ரோட்னி ஃபாக்ஸ் 1963இல், ஈட்டி மீன்பிடிப் போட்டியின்போது வெள்ளைச் சுறாவின் வாயில் சிக்கி, 450க்கும் மேற்பட்ட தையல்களோடு பிழைத்தார். உயிரியல் பூங்காவில் கம்பிக்குப் பின்னால் நின்ற சிங்கத்தைப் பார்த்தபோதுதான், கம்பிக்குப் பின்னால் மனிதன் நின்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முதலில் படப்பிடிப்புக்குப் பயன்பட்ட கூண்டு பிறகு சுற்றுலாவுக்கு வந்தது. 1975இல் வெளியான 'ஜாஸ்' படம் ஊரெங்கும் சுறா பயத்தை விதைத்தது. அந்தப் பயமே கூண்டுக்குக் கூட்டம் சேர்த்தது.

இத்தொழிலின் வலுவான வாதம் பொருளாதாரம். செத்த சுறாவை ஒருமுறைதான் விற்க முடியும். உயிருள்ளதைத் தினமும் காட்டலாம். தென்னாப்பிரிக்கா 1991இல் வெள்ளைச் சுறாவைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவித்தது. அதன்பின் கான்ஸ்பாய் என்ற சிறு மீன்பிடி ஊர் இந்தச் சுற்றுலாவால் உலகப் புகழ் பெற்றது. ஆய்வாளர்களுக்கும் லாபம் உண்டு. காது மடலின் கிழிசல்களை வைத்து யானையை அடையாளம் காண்பதுபோல, முதுகுத் துடுப்பின் பின்விளிம்பிலுள்ள வெட்டுகளை வைத்துச் சுறாக்களைப் பிரித்தறியலாம். அதற்கான படங்கள் இந்தப் படகுகளிலிருந்து ஏராளமாகக் கிடைக்கின்றன.

நேரில் பார்த்தவர் காப்பாளராக மாறுவார் என்ற வாதம் இந்த அளவு உறுதியானதல்ல. குஜராத் கடலில் கூண்டே இல்லாமல் அந்த மனமாற்றம் நடந்தது. அம்மணி உழுவை எனப்படும் திமிங்கிலச் சுறாவை வேட்டையாட 2001இல் இந்தியா தடை விதித்தது. 2004இல் தொடங்கிய இயக்கம், அதைப் பிறந்தகம் வரும் மகளாக மீனவர்களுக்கு உணர்த்தியது. வலையை அறுத்து அதை விடுவித்தவர்களுக்கு வலைக்கான இழப்பீடும் கிடைத்தது. சுறாவின் உயிர் யார் கையில் இருந்ததோ, அவரிடம் பேசிய திட்டம் அது. கூண்டில் இறங்கும் பயணியின் கையில் இருப்பது கேமரா மட்டும்.

கூண்டு மனிதனைக் காக்கிறது, சுறாவைக் காப்பதில்லை. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. இரையைத் துரத்தி வந்து கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்துவிட்டால் திமிறுவதைத் தவிர அதற்கு வழியில்லை. மெக்சிகோவின் குவாதலூப் தீவருகே 2016இல் ஒரு சுறா கூண்டுக்குள்ளேயே புகுந்தது; உள்ளிருந்தவர் காயமின்றித் தப்பினார். 2019இல் இன்னொரு சுறா கம்பிகளில் சிக்கிச் செவுள் கிழிந்து இரத்தம் கொட்டியது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அங்கு இந்தச் சுற்றுலாவையே நிறுத்தியது.

சுறா மனிதனை உணவோடு சேர்த்துப் பார்க்கப் பழகிவிடும் என்ற குற்றச்சாட்டு இதைவிடச் சிக்கலானது. இரை வாய்க்கு எட்டாமல் இழுக்கப்படும் இடங்களில் சுறாவின் ஆர்வம் சீக்கிரம் குறைவதாக ஆய்வுகள் காட்டின. ஆனால் ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில், படகுகள் பெருகியபின் சுறாக்கள் தங்கும் காலமும் நீண்டது. அங்கே ஒரு நிறுவனம் இரையைக் கைவிட்டு நீருக்கடியில் ராக் இசை ஒலிக்கவிட்டது. சுறாக்கள் வரத்தான் செய்தன! கூழ் இல்லாவிட்டால் தொழிலே இல்லை என்ற சாக்கு இதற்குப்பின் நிற்பது கடினம்.

கொடுப்பதும் பழகுவதும் தமிழகத்துக்குப் புதிதல்ல. ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர் போகும் வழியில், கொண்டை ஊசி வளைவொன்றில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பவர் செய்வதும் இதைத்தான். அவருக்கு அது ஒரு நிமிடப் பொழுதுபோக்கு. குரங்குக்கோ, கார் நிற்கும் சத்தமே சோற்று மணியாகிவிடும். அடுத்து வருபவர் பாக்கெட் நீட்டாவிட்டால் அது பையைப் பிடுங்கும். கெட்ட பெயரும் அதற்கே. கூண்டு தொங்கும் படகாவது இரையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்கிறது. இங்கே அந்தக் கயிறும் கிடையாது.

நீலகிரியின் மசினகுடிப் பக்கம் 'ரிவால்டோ' என்ற ஆண் யானைக்கு இதுவே நேர்ந்தது. தும்பிக்கை நுனியை இழந்த அந்த யானை, மனிதர் கொடுத்த பழங்களுக்குப் பழகி வாழைத்தோட்டம் குடியிருப்புகளைச் சுற்றியே நின்றது. 2021 மே மாதம், அதே ருசியைக் காட்டித்தான் வனத்துறை அதை மரக்கூண்டுக்குள் வரவழைத்தது. ஏறத்தாழ மூன்று மாதம் கூண்டில் வைத்திருந்து, ஆகஸ்டில் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி முதுமலைக் காட்டின் உட்பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாட்களிலேயே அது நடந்து வாழைத்தோட்டத்துக்குத் திரும்பிவிட்டது.