கோல்ட்பெர்க்: பாயத் தெரிந்தவர்

பில் கோல்ட்பெர்க் உண்மையில் நல்ல மல்யுத்த வீரர்தானா? ரெஸ்லிங் ரசிகர்களிடையே கால் நூற்றாண்டாக ஓயாத வழக்கு இது. புகழ்பவர்களும் பழிப்பவர்களும் அவருடைய கால்பந்துப் பின்னணியையே சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தச் சான்றை முதலில் சரிபார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் அவர் நட்சத்திரம் அல்ல. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தடுப்பாட்டக்காரராகப் பெயர் எடுத்தார். 1992 முதல் 1994 வரை அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கு ஆடியவை 14 ஆட்டங்கள் மட்டுமே. அடிவயிற்றுத் தசை இடுப்பெலும்பை விட்டுக் கிழிந்ததோடு அந்த வாழ்க்கை முடிந்தது. ஆகவே புகழ் அவரை ரிங்குக்குள் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது உடலும் அந்த உடல் பழகிய வேகமும்தான்.

அவருடைய ‘ஸ்பியர்’ தாக்குதலைப் பாருங்கள். தோளைத் தாழ்த்தி, எதிராளியின் வயிற்றில் மோதி வீழ்த்தும் கால்பந்துப் பிடியேதான் அது. கால்பந்தில் ஒவ்வொரு மோதலும் சில நொடிகளில் முடிந்துவிடும், பிறகு இடைவெளி. 1997 செப்டம்பரில் அவரை அறிமுகப்படுத்திய டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. இரண்டே நிமிட ஆட்டம், ஒரு ஸ்பியர், எதிராளியைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் அறையும் ஒரு ‘ஜாக்ஹாமர்’, வெற்றி. 1998 ஜூலை 6 அன்று ஜார்ஜியா டோமில் ஏறக்குறைய 40,000 பேர் முன்னிலையில் ஹல்க் ஹோகனைச் சாய்த்துப் பட்டம் வென்றார். ஃபால்கன்ஸ் அணியின் சொந்த அரங்கம் அது. தொடர் வெற்றிக் கணக்கை நிறுவனம் ஊதிப் பெருக்கியது உண்மை. ஆனால் கூட்டத்தின் ஆரவாரத்தில் கலப்படம் இல்லை.

எனக்குள்ள தயக்கம் வேறு. கால்பந்தில் எதிராளியைக் காப்பது உங்கள் வேலை அல்ல. அவருக்குத் தலைக்கவசம் இருக்கிறது. ரெஸ்லிங்கிலோ எதிராளி தன் கழுத்தையே உங்களை நம்பி ஒப்படைக்கிறார். வலிமையை எங்கே அடக்குவது என்பதே அங்கே முதல் பாடம். 1999 டிசம்பர் 19 அன்று கோல்ட்பெர்க் விட்ட உதை பிரெட் ஹார்ட்டின் தலையில் பட்டது. தொழிலின் மிக நேர்த்தியான கலைஞர்களில் ஒருவரான ஹார்ட்டுக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டு, அடுத்த ஆண்டே ஓய்வுபெற நேர்ந்தது.

விபத்து யாருக்கும் நேரலாம் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பழியில் பெரும்பங்கு நிறுவனத்துக்கு உண்டு என்றே நினைக்கிறேன். இரண்டு நிமிட ஆட்டம் அவருடைய குறையை மறைத்தது. குறை தீரத் தேவையான பழக்கத்தையும் அதுவே பறித்தது. 1998 அக்டோபரில் டைமண்ட் டல்லஸ் பேஜுடன் மோதிய ஆட்டம் இதற்குச் சாட்சி. அனுபவசாலி ஒருவர் வழிநடத்தியபோது, தாளம் தவறாத முழு ஆட்டம் ஒன்றை அவரால் தர முடிந்தது. கற்கும் திறன் இருந்தது. கற்பிக்கத்தான் நிறுவனத்துக்குப் பொறுமை இல்லை. கால்பந்திலிருந்து வந்த மற்றவர்களுக்கோ அந்த அவகாசம் கிடைத்தது. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ரான் சிம்மன்ஸ் 1986-ல் ரெஸ்லிங்குக்கு வந்து, உலகப் பட்டத்தை எட்டியது 1992-ல். ஜார்ஜியா டெக்கில் கால்பந்து ஆடிய ரோமன் ரெயின்ஸ், 2010-ல் வேறொரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழித்தே முதன்மை நிகழ்ச்சிக்கு வந்தார்.

ஆனாலும் நிறுவனத்தின் மீதே எல்லாப் பழியையும் போட 2019 ஜூன் இடம் தரவில்லை. ஜெட்டாவில் அண்டர்டேக்கருடன் மோதியபோது கோல்ட்பெர்க்கின் தலை ரிங் கம்பத்தில் இடித்தது. கலங்கிய நிலையில் அவர் தூக்கிய ஜாக்ஹாமர், எதிராளியைத் தலைகுப்புற விழவைக்கும் அளவுக்குப் போனது. வயது 52. ஆட்டத்தை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு அவருக்கும் இருந்தது.

கூட்டத்தை எழுந்து நிற்கவைத்தவர்களின் வரிசையில் கோல்ட்பெர்க்குக்கு முதலிடத்தருகே இடம் தருவேன். மல்யுத்த வீரர் என்ற அளவில் அவரைச் சிம்மன்ஸுக்குக் கீழேதான் வைக்க முடியும்.