நினைவிழப்பும் ஆளுமையும்: ஒரு புகைப்படத் தொகுதி பற்றிய குறிப்பு

முதுமையைப் பொருளாகக் கொண்ட புகைப்படங்கள் பெரும்பாலும் இரக்கத்தையே வேண்டி நிற்பன. சுருங்கிய தோலும் மங்கிய கண்களும் காலத்தின் கோலமாக மட்டும் காட்டப்படுகையில், முதியவரின் சமூக வாழ்வு மறைந்துவிடுகின்றது. பிலிப் ரொலிடானோ 2010 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட 'தந்தையுடனான நாட்கள்' இப்பொதுப்போக்கிலிருந்து விலகுவதனாலேயே நமது கவனத்துக்குரியதாகின்றது.

நியூயோர்க்கிலே தொழில்புரியும் ரொலிடானோ, 2006 ஆம் ஆண்டில் தாயார் இறந்தபின், 90 வயதைக் கடந்த தந்தையாரைப் படம்பிடித்தார். அண்மைய நிகழ்ச்சிகள் தந்தையாரின் நினைவில் நிற்பதில்லை. மனைவியின் இறுதிச்சடங்கிற் கலந்துகொண்டவர், சற்று நேரத்தில் அவர் எங்கே என வினவுகின்றார். உண்மையைக் கூறுந்தோறும் துயரம் புதிதாகப் பிறக்கின்றது. ஈற்றில் மகன், நோயுற்ற சகோதரரைப் பராமரிக்கத் தாயார் பாரிஸ் சென்றுள்ளதாகக் கூறிவிடுகிறார்.

தந்தையாரின் நிலை எத்தகையதென்பதை மகன் முழுமையாக உணராவண்ணம் தாயார் நெடுநாள் காத்துவந்தார் என்பதே இத்தொகுதியின் மையச் செய்தி என்பது நமது கருத்து. அம்முதியவரின் ஆளுமை குலையாது தோன்றியமைக்கு, புலப்படாத ஒரு பெண்ணின் அன்றாட உழைப்பே ஆதாரமாயிருந்தது. வீட்டிற் கிடந்த துண்டுக் கடதாசிகளில் அவர் எழுதிவைத்த திகைப்பு மிக்க வினாக்கள், அவ்வுழைப்பு நின்றுபோனமைக்குச் சான்றாகின்றன. மனிதசாரம் தனிமனிதனுள் உறைவதன்று, சமூக உறவுகளிலே தங்கியுள்ளது என 1845 இல் மார்க்ஸ் வற்புறுத்தியதை இங்கு நினைவுகூரலாம். எனினும் நினைவிழந்தவர் வெறும் காட்சிப்பொருளாகிவிடவில்லை. பிஸ்கற்றுகளை மார்பில் வைத்துக் குறும்பு செய்யும் படத்தில், அவர் மகனோடு சேர்ந்து அப்படத்தை ஆக்குகின்றார்.

ஆயினும் தொகுதியின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். விளம்பரத்துறையிலே கலை இயக்குநராகப் பணியாற்றிய ரொலிடானோ, மென்மையான ஒளியினால் வீட்டினுள் நிகழும் துயரத்தை அழகுபடுத்துகிறார். அவ்வீட்டுக்கு வெளியேயுள்ள சமூக ஒழுங்கை வினவுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1965 இல் உருவான முதியோர் மருத்துவக் காப்புறுதித் திட்டம், நீண்டகால அன்றாடப் பராமரிப்புச் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. எனவே அச்சுமை குடும்பத்தின் மீது, சிறப்பாகப் பெண்கள் மீது விழுகின்றது. கூலிக்கு உழைப்போர் வீட்டில் இவ்வாறு தந்தையின் அருகில் அமர்ந்திருக்க எத்தனை பேருக்கு நேரம் வாய்க்கும்?

தாயாரின் உழைப்பை அவர் மறைந்தபின்னராவது உணரச்செய்தமை இத்தொகுதியின் சாதனை. அவ்வுழைப்பை ஏன் ஒருத்தி தனித்தே சுமந்தாள் என்னும் வினாவையும் எழுப்பியிருப்பின், மகனின் அன்பு சமூக விமர்சனமாகவும் உயர்ந்திருக்கும்.