ஆயுட்கணக்கும் ஆய்வு நேர்மையும்

தன்பாலீர்ப்புடையோரின் ஆயுள் குறைவானது என்று வாதிடுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவன இரண்டு ஆய்வுகள்.

ஒன்று, அமெரிக்க உளவியலாளர் பால் கேமரன் உடனாய்வாளரோடு 1994இல் வெளியிட்டது. அச்சமூகத்தாரின் இதழ்களில் வந்த இரங்கற் குறிப்புகளைத் திரட்டி அவர் இறப்பு வயதைக் கணித்தார். அக்குறிப்புகளில் இடம்பெற்றோர் இறந்தவர் மட்டுமே. உயிரோடிருந்து முதுமையை நோக்கிச் சென்றோர் கணக்கில் வரவேயில்லை. மையவாடியில் நின்றுகொண்டு ஊராரின் ஆயுளை அளப்பதற்கு ஒப்பானது இது.

மற்றொன்று, கனடாவின் வான்கூவரில் 1987 முதல் 1992 வரை நிகழ்ந்த மரணங்களைக் கொண்டு ராபர்ட் ஹாக் குழுவினர் 1997இல் வெளியிட்டது. அத்தகைய ஆண்களின் ஆயுள் 8 முதல் 20 ஆண்டுகள் குறைவு என்றது அது. முறை ஒப்பீட்டளவில் செம்மையானதே. ஆயினும் அது எய்ட்ஸ் நோய்க்குத் தக்க மருந்து கிட்டாத காலத்தின் கணக்கு. 1996க்குப் பின் கூட்டுமருந்துச் சிகிச்சையால் அந்நோயின் மரணங்கள் பெரிதும் குறைந்தன. இதனைச் சுட்டி, தம் ஆய்வு மனித உரிமைகளைக் குறைக்கப் பயன்படுத்தப்படுவதைக் கண்டித்து, அக்குழுவினரே 2001இல் எழுதினர். எண்ணை எடுத்தாள்வோர் அம்மடலைக் குறிப்பிடுவதில்லை.

ஒழுக்க நெறி தன் சொந்த ஆதாரங்களின்மீது நிற்கட்டும். பழுதான எண் அதற்குத் தூணாகாது. செய்தியோடு அது வந்த வழியையும் ஆராய்வது நம் கல்வி மரபு. மனத்துக்கு உவப்பான செய்திக்கு அதில் விலக்கில்லை.