கிட்டார் களவுபோன பிறகு

சோனிக் யூத் என்ற ராக் குழுவின் 'டேட்ரீம் நேஷன்' (1988) ஆல்பத்தைக் கேட்டு ஊறிய காதோடு அவர்களுடைய 'என்.ஒய்.சி. கோஸ்ட்ஸ் அண்ட் ஃப்ளவர்ஸ்' ஆல்பத்தைப் போட்டால் முதல் தடவை சப்பென்றுதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கரைபுரண்டு வரும் கிட்டாரைக் காணோம். கீறலும் சுரண்டலும்தான். அதன் மேல் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான தர்ஸ்டன் மூர் பாதி நேரம் பாடுவதை விட்டுவிட்டுக் கவிதை வாசிக்கிறார். 2000-இல் வெளியானபோது பிட்ச்ஃபோர்க் இதழ் பத்துக்கு 0.0 போட்டது. அது விமர்சனம் இல்லை, கோபம்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. சோனிக் யூத் குழுவினர் கிட்டாருக்கு ஊரார் வைக்கும் ஸ்ருதியை வைத்ததில்லை. பாட்டுக்குப் பாட்டு ஸ்ருதி மாறியது. மேடையில் நின்று முறுக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே பாட்டுக்கொரு கிட்டார். அடுத்தடுத்த தந்திகளை ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி மயிரிழை பிசகவிட்டால், தம்புராவின் நடுத்தந்திகள் சரியாகச் சேராதபோது எழுமே, அந்த அலையடிப்பு வரும். நாம் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கச்சேரியைத் தொடங்குவோம். மூரும் குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் லீ ரனால்டோவும், க்ளென் பிராங்காவின் கிட்டார் குழுவில் வாசித்த காலத்திலிருந்தே, அதையே இசையாக்கியவர்கள். 1999 ஜூலையில் கலிஃபோர்னியாவில் குழுவின் கருவிகள் வண்டியோடு களவுபோயின. ஆண்டுக்கணக்கில் பழக்கிய கிட்டார்கள் ஒரே இரவில் போயின. அவை இல்லாமல் அடுத்து வந்த ஆல்பம் இதுதான்.

முதல் பாட்டு 'ஃப்ரீ சிட்டி ரைம்ஸ்' ஏழரை நிமிடம். மணி தட்டுவதுபோல் ஒற்றை ஒற்றையாக ஸ்வரங்கள் விழுகின்றன. ஸ்டீவ் ஷெல்லியின் டிரம்ஸ் அவசரப்படவே இல்லை. நடுவில் கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரைச்சலாகித் தானாகவே வடிகின்றன. இதைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பயனில்லை, வடிகிற பகுதி காதில் விழாது. தலைப்புப் பாட்டில் ரனால்டோ பேசிக்கொண்டே போகிறார். குரலுக்கு அடியில் சிதறிக் கிடக்கும் ஒலிகள் மெல்லத் தடித்துக் கடைசியில் அவரையே மூழ்கடிக்கின்றன. பழைய கிட்டார்கள் கையில் இருந்திருந்தால் அந்த இடத்துக்கு இரண்டே நிமிடத்தில் வந்து சேர்ந்திருப்பார்கள். இங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காத்திருப்பில்தான் ருசி.

அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியாது. அட்டையில் எழுத்தாளர் வில்லியம் பரோஸின் ஓவியம், உள்ளே பீட் கவிஞர்களின் சாயல். 'ஸ்மால் ஃப்ளவர்ஸ் க்ராக் காங்க்ரீட்' பாட்டில் கிட்டார் செய்வதைச் சொற்கள் கெடுக்கின்றன. ஐம்பதுகளில் சூடாக இருந்த மொழி இங்கே ஆறிப்போய் வருகிறது. பழைய பெருக்குத்தான் வேண்டுமென்பவர்களுக்கு 2002-இல் வந்த 'மர்ரே ஸ்ட்ரீட்' இருக்கிறது. இந்த ஆல்பத்தில் உடன் உழைத்த ஜிம் ஓரூர்க் அதற்குள் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்.

குழுவின் கிம் கோர்டன் சொற்களை உதிர்க்கும் 'ஸைட்டுஸைட்' வந்தால் மட்டும் இன்றும் தாண்டிவிடுகிறேன்.