களையெடுப்பவரின் கணக்கு

இயற்கை வேளாண் மேடைகளில் பெண்ணை விதைகளின் தாய் என்று புகழாமல் யாரும் கீழே இறங்குவதில்லை. களைக்கொல்லியை நிறுத்தியதும் கூடிப்போகும் களையெடுப்பு யார் தலையில் விழுகிறது, பஞ்சகவ்யம் கலக்கும் நேரம் யாருடைய தூக்கத்திலிருந்து கழிகிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு. பெண்ணியச் சிந்தனைப் பள்ளிகளை இந்தக் கேள்வியில் உரசிப் பார்க்கலாம்.

வந்தனா சிவாவும் மரியா மீஸும் 1993-ல் எழுதிய 'ஈகோஃபெமினிசம்' சூழல் பெண்ணியப் பள்ளியின் முக்கிய நூல். மண்ணைச் சுரண்டியதும் பெண்ணின் உழைப்பைச் சுரண்டியதும் ஒரே போக்கு என்றது அது. பொருளியலாளர் பீனா அகர்வால் அதற்கு ஓராண்டு முன்பே, 1992-ல், இத்தகைய பார்வையை மறுத்திருந்தார். அவர் வாதம் இது: இயற்கையோடு பெண்ணுக்குப் பிறவி உறவு ஒன்றுமில்லை. விறகுக்கும் தீவனத்துக்கும் அலைபவள் என்பதால் காடு அழிவது அவளை முதலில் தாக்குகிறது. அதிலும் ஏழைப் பெண்ணை. அவர் அடுத்து நில உரிமையை ஆராயப் போனதில் வியப்பில்லை. என் சாய்வு அவர் பக்கம்தான். பட்டா யார் பெயரில் என்று கேட்காத புகழ்ச்சி வேலையை மட்டும் கூட்டும்.

இன்னொரு பள்ளியான, வீட்டு வேலைக்குக் கூலி கேட்ட இயக்கம் 1972-ல் இத்தாலியில் எழுந்தது. தமிழ்நாட்டில் 2023-ல் பெண்களுக்கு வழங்கத் தொடங்கிய மாத ஆயிரம் ரூபாய்க்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது, தொகை சிறிதானாலும், அந்த வாதத்துக்கு உறவுதான். 2019-ல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97.

கணக்கை வயலுக்கே கொண்டுபோனவர்கள் பிரேசில் பெண்கள். பெண்ணியம் இல்லாமல் வேளாண் சூழலியல் இல்லை என்பது அவர்களின் முழக்கம். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் உருவான எளிய குறிப்பேட்டில் நான்கே பத்திகள்: வீட்டில் உண்டது, கொடுத்தது, மாற்றிக்கொண்டது, விற்றது. கொல்லைக் கீரை, முட்டை, கிழங்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டியபோது, "உதவி" என்று சொல்லப்பட்ட வேலை குடும்ப வருமானமாகத் தெரிந்தது. விற்ற பத்தியை மட்டும் பார்த்திருந்தால் இதில் ஒரு பகுதி மறைந்திருக்கும். ஆனால் அடுப்படியும் பிள்ளை வளர்ப்பும் அந்த நான்கு பத்திகளுக்குள் வருவதில்லை. குறிப்பேட்டின் எல்லை அது.

தெலங்கானாவில் ஜஹீராபாத்தை அடுத்த பஸ்தாபூரில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் தலித் பெண்கள் சங்கங்கள் அந்த எல்லையைத் தாண்டின. தரிசைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து, சிறுதானியமும் பயறும் கலந்து விதைத்து, விதையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 2008-ல் சொந்த வானொலியும் வந்தது. வயலுக்குப் போகும் தாய்மாருக்காகப் பால்வாடிகளும் நடந்தன. அவர்களின் மாட்டுவண்டி விதை ஊர்வலத்தைப் படமெடுக்க வந்தவர்கள் நிறைய. பால்வாடியை எட்டிப் பார்த்தவர்கள் அந்த அளவு இருக்கமாட்டார்கள்.