பூசாத சுவரின் சாட்சி: லாரி பேக்கரின் கட்டடப் பணி குறித்து ஒரு மதிப்பீடு

திருச்சபை கட்டும் கட்டடங்களைப் பற்றி நாம் இறையியல் நோக்கில் சிந்திப்பது அரிது. ஆலயப் பிரதிஷ்டைக்குச் செய்தி ஆயத்தம் செய்கிறோம். கட்டட நிதிக்காக விண்ணப்பம் எழுதுகிறோம். ஆனால் ஒரு சுவர் யாருக்காக, யாருடைய உழைப்பால், என்ன விலையில் எழும்புகிறது என்னும் வினாவைப் பொறியாளரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் விட்டுவிடுகிறோம். இவ்வினாவையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட கட்டடக் கலைஞர் ஒருவர் நம் அண்டை மாநிலத்தில் 2007 வரை வாழ்ந்தார். லாரி பேக்கர் என்னும் அப்பெருமகனின் பணியைத் திருப்பூர் வட்டாரத்துச் சபைகளின் நிலையிலிருந்து மதிப்பிட முயல்வோம்.

பேக்கர் 1917இல் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காமில் பிறந்தார். மெதடிஸ்டுக் குடும்பத்தில் வளர்ந்து, இளமையிலேயே க்வேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்தாமல் சீனாவில் மருத்துவப் பணி புரிந்தார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களை அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பவற்றிலிருந்தே பெற வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவரை ஆட்கொண்டது. 1945இல் தொழுநோயாளர் மிஷனின் பணிக்காக இந்தியா வந்தார். நோயாளிகளை ஒதுக்கி வைப்பதற்காக எழுந்த பழைய காப்பகங்களைக் குணமாக்கும் மருத்துவமனைகளாக மாற்றுவதே அவருக்கு இடப்பட்ட பணி. 1948இல் மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் 1963 வரை ஊழியம் செய்தார். தாம் கற்ற கல்வி அங்கே பயன்படாததைக் கண்டு, கல்லாலும் மண்ணாலும் வீடு கட்டிய மலைவாழ் மக்களிடமே மாணவரானார். பின்னர் கேரளம் சென்று, திருவனந்தபுரத்தில் நிலைகொண்டார்.

அவர் கையாண்ட முறைகள் எளிதில் விளங்குபவை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்துகிறது. உள்ளிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. ஆகவே அவ்விடத்தைப் பழைய ஓடுகளால் நிரப்பிச் சிமெண்டைக் குறைத்தார். மரச்சட்டமும் கதவும் கொண்ட சாளரத்துக்கு ஆகும் செலவை எண்ணி, பல இடங்களில் துளைகள் விட்ட செங்கற்சுவரையே சாளரமாக்கினார். சுவருக்குப் பூச்சு வேண்டியதில்லை என்றார். 1970களில் எழும்பத் தொடங்கிய திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம், ஸ்ரீகாரியத்து லயோலா சிற்றாலயம், பூந்துறை மீனவர் குடியிருப்பு, பின்னர் 1996இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா ஆகியன அவர் பணிக்குச் சான்றுகள். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மலிவான வீடு கட்டியவர் என்றே பலரும் அவரைப் போற்றுவர். இப்புகழ்ச்சி அவருடைய பணியைச் சிறிதாக்கிவிடுகிறது என்பது நம் கருத்து. ஏழைக்கு மலிவான வீடு கட்டித் தருவோர் பலர் உண்டு. பேக்கரோ மீனவனுக்கு ஒரு முறை, ஆய்வாளருக்கு ஒரு முறை, ஆண்டவரின் ஆலயத்துக்கு வேறொரு முறை என்று வைத்துக்கொள்ளவில்லை. அதே பூசாத செங்கல், அதே துளைச்சுவர், அதே கணக்கு. நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அவர் தமக்குக் கட்டிக்கொண்ட வீட்டிலும் பழைய பொருள்களே இடம்பெற்றன. எளிமையை ஏழைக்கு விதிக்காமல், தம்மிலிருந்து தொடங்கி அனைவருக்கும் பொதுவாக்கியதே அவருடைய தலையாய சாதனை.

எனினும் குறைகளையும் கூறுதல் வேண்டும். அவருடைய முறை, கட்டுமிடத்தில் அவரே நின்று கொத்தனாருடன் பேசித் திருத்துவதைப் பெரிதும் சார்ந்திருந்தது. 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் பலரைப் பயிற்றுவித்தபோதிலும், நாட்டின் பெருந்திட்டங்கள் அவ்வழியை நாடவில்லை. மற்றொரு குறை ஆழமானது. பூசாத சுவர் வசதி படைத்தவனுக்கு எளிமை. ஏழைக்கோ அது அரைகுறை வீடு. தலைமுறைகளாகக் குடிசையில் வாழ்ந்தவன் பூசி வெள்ளையடித்த சுவரைக் கேட்பது ஆடம்பரமன்று, மானம். இன்று 'பேக்கர் பாணி' செல்வர்களின் தோட்ட வீடுகளில் அழகுப் பொருளாகிவிட்டது. அவர் விலக்கிய பகட்டு, அவர் பெயராலேயே திரும்பி வந்திருக்கிறது.

இக்குறைகளே திருப்பூர் வட்டாரத்துக்குச் சரியான வாயிலைத் திறக்கின்றன. கேரளத்தின் மழைக்கு ஏற்றதை மழைமறைவுப் பகுதியாகிய கொங்கு நாட்டில் அப்படியே நாட்டுவது பேக்கரைப் பின்பற்றுவதாகாது. தடித்த சுவரும் நடுமுற்றமும் கொண்ட தொட்டிக்கட்டு வீடுகளிலிருந்து கற்பதே அவர் வழி. சிக்கனத்தையும் இவ்வூருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் ஒரு விரற்கடைத் துணியும் வீணாகாமல் வெட்டுகிறார். மிஞ்சும் கழிவும் மீண்டும் நூலாகிறது. ஆனால் அத்துணியைத் தைப்பவர்கள் எங்கே உறங்குகிறார்கள்? தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர், தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த ஓரறை லைன் வீடுகளில் வாழ்கின்றனர். இரவு ஷிப்டு முடித்தவர் சித்திரை வெயிலில் அக்கூரையின் கீழ்தான் கண் அயர வேண்டும். துணிக்குக் காட்டும் கவனம் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

இந்நிலையில் நம் சபைகள் என்ன கட்டுகின்றன? பளிங்குத் தரையும் குளிர்சாதன வசதியும் கொண்ட ஆலயம் ஒருபுறம். அதே வளாகத்தில் வாடகைக்கு விடும் அறைகளுக்குத் தகரக் கூரை மறுபுறம் என்றால், நம் பிரசங்கத்தை நம் கட்டடமே மறுத்துப் பேசும். எரேமியா 22ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி அரசனைக் கண்டித்தது மாளிகை பெரிதாயிருந்ததற்காக மட்டுமன்று. வேலை செய்தவனுக்குக் கூலி கொடாமல் விசாலமான மேலறைகளும் கேதுரு மரப் பலகைகளும் தேடியதற்காகவே. நம் ஆண்டவரும் கைத்தொழிலாளராகவே தம் ஊராரால் அறியப்பட்டார். கட்டுவோரின் கூலியும் குடியிருப்போரின் உறக்கமும் இறையியலுக்குப் புறம்பான பொருள்கள் அல்ல.

எனவே ஆயர்களும் மாணவர்களும் பேக்கரிடமிருந்து கடன் பெற வேண்டியது செங்கற்சுவரை அன்று, அவருடைய வரிசைமுறையை. சபையின் கட்டடக் குழு கூடும்போது, ஆலயத்துக்கும் ஆயர் மனைக்கும் வாடகை அறைக்கும் ஒரே அளவுகோல் வைக்கிறோமா என்று கேட்கட்டும். வாடகை அறைக்கு வெப்பம் தாங்கும் கூரை அமைத்த பின்னர் ஆலயத்தின் பளிங்கைப் பற்றிப் பேசலாம். அறையில் குடியிருக்கப்போகும் தொழிலாளி ஒருவரையும் அக்குழுவில் அமர்த்தி, சுவரைப் பூசுவதா வேண்டாமா என்பதை அவரிடமே கேட்கலாம். அவர் பூச்சு வேண்டும் என்று சொன்னால், பூசித் தருவோமாக.